எடுத்துவைத்து அலர்ந்த பூ: கோயில் நந்தவனமும் மலரின் பொழுதும்

ஆய்வுச் சுருக்கம்

சைவ வழிபாட்டு நூல்கள் சாத்தலாகாத பூக்களின் வரிசையில் ‘எடுத்துவைத்து அலர்ந்த பூ’ என ஒன்றைச் சேர்க்கின்றன. அரும்பாகப் பறித்து வைத்திருந்து, பின்னர் மலர்ந்த பூ என்பது அதன் பொருள். இந்த ஒரு விலக்கை முன்வைத்துக் கோயில் நந்தவனம் என்னும் நிறுவனத்தை இக்கட்டுரை அணுகுகிறது. பூ செடியிலேயே மலர்ந்து அன்றே சாத்தப்பட வேண்டுமெனின் தோட்டம் அருகில் இருந்தாக வேண்டும். அதற்கு நிலமும் நீரும் ஆளும் நிலையாக வேண்டும். நந்தவனக் கொடைகளைப் பக்திச் செயல்களாக மட்டும் படிப்பது இந்தத் தேவையை மறைத்துவிடுகிறது என்பதும், இன்றைய சந்தைப் பூவும் நச்சு மருந்தின்றி விளையும் பூவும் எதிர்கொள்ளும் சிக்கல்கள் அவ்விலக்குகளோடு தொடர்புடையவை என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நந்தவனம், திருப்பள்ளித்தாமம், நாண்மலர், புட்பவிதி, கொய்மலர், மதுரை மல்லி, இயற்கை வேளாண்மை.

முன்னுரை

தோட்டக்கலை நூல்கள் வணிகப் பூக்களை இரண்டாகப் பகுக்கின்றன. நீண்ட காம்போடு வெட்டி நீரில் நிறுத்திவைக்கப்படுபவை கொய்மலர்கள். காம்பின்றிக் கிள்ளி எடைபோட்டு விற்கப்படுபவை உதிரிப்பூக்கள். ஓசூர்ப் பகுதியின் பசுமைக்குடில்களில் விளையும் ரோசாவும் ஜெர்பராவும் முதல் வகை. மதுரை மல்லிகையும் தோவாளைச் சந்தைக்கு வரும் பிச்சியும் இரண்டாம் வகை. காம்புள்ள பூவைச் சாடியில் நிறுத்தி அழகு பார்க்கும் வழக்கம் இங்குப் பெரும்பாலும் ஐரோப்பியர் குடியிருப்புகளையும் மலைநகரங்களையும் ஒட்டி வளர்ந்தது. உதகையில் 1848ஆம் ஆண்டு தாவரவியல் பூங்கா உருப்பெறத் தொடங்கிற்று. 1896ஆம் ஆண்டு அங்கு மலர்க்காட்சி தொடங்கிற்று. அவ்வரலாறு தனியே எழுதத்தக்கது. இக்கட்டுரை உதிரிப்பூவோடு நிற்கிறது.

எனினும் கொய்மலர் வணிகத்தின் அடிப்படை வினா இதற்கும் உரியதே. பறித்த பூ எத்தனை நேரம் பூவாக இருக்கும்? தமிழில் இவ்வினா பழையது என்பதற்குச் சொற்களே சான்று. அரும்பு, நனை, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என ஒரு பூவின் வாழ்நாளை இம்மொழி கூறுபோட்டு வைத்துள்ளது. ‘வீ’ உதிரும் பூ; ‘செம்மல்’ வாடிக் கிடக்கும் பூ. மலரும் நிலையிலுள்ள பூவைக் குறிக்கும் ‘போது’ காலத்தையும் குறிக்கிறது. இரண்டும் ஒரே வேரின்பாற்பட்டவையா என்பதை மொழியியலார் முடிவு செய்யட்டும்; கேட்போர் செவியில் அவை ஒன்றாகவே ஒலித்திருக்கும். அன்று மலர்ந்த பூவுக்கு ‘நாண்மலர்’ என்று தனிப்பெயர் உண்டு. அதற்கு மறுதலையாக வழிபாட்டு நூல்களில் வருவது ‘பழம்பூ’.

நந்தவனக் கல்வெட்டுகளை ஆளும் முறை நம்மிடையே ஏறத்தாழ வரையறுக்கப்பட்டுவிட்டது. அரசன், ஆட்சியாண்டு, கொடையாளர், கொடைப்பொருள் என அட்டவணையிட்டு, இறுதியில் மக்களின் இறைப்பற்றை இவை காட்டுகின்றன என்று எழுதி முடிக்கிறோம். இறைப்பற்றைக் காட்ட விளக்குக்கு ஆடு கொடுக்கலாம். அமுதுபடிக்கு நெல் கொடுக்கலாம். பூவுக்கு ஏன் தோட்டத்தையே கொடுக்க வேண்டியிருந்தது என்பது அந்த அட்டவணையில் விடைபெறாத வினா.

பிடகையில் அவிழ்ந்த பித்திகம்

நெடுநல்வாடையில் கதிரவன் முகங்காட்டாத கூதிர்க்கால நாளொன்று வருகிறது. மாலை வந்ததை அறிய வழியில்லை. மகளிர் பித்திகத்தின் செவ்வி அரும்புகளைப் பறித்துப் பிடகையில் இட்டு வைத்திருக்கின்றனர். அவை இதழவிழ்ந்து மணக்கும் பதத்தைக் கொண்டு பொழுதை அறிந்து விளக்கேற்றுகின்றனர். பித்திகம் இன்று பிச்சி எனப்படுவதே என்று பொதுவாகக் கொள்கிறோம்.

இந்த இடத்தை உரைகாரர் முதல் இக்காலத் திறனாய்வாளர் வரை பலரும் பாராட்டியிருக்கின்றனர். பயிர்த்தொழில் நோக்கில் இதில் அடங்கியுள்ள செய்தி வேறு. செடியினின்று பிரிந்த அரும்பு தனக்குரிய பொழுதில் மலர்கிறது. மல்லிகை இனத்துப் பூக்கள் பலவற்றுக்கும் இவ்வியல்பு உண்டு. ஆனால் எந்த அரும்பும் அப்படி மலர்ந்துவிடாது. முதிராத மொக்கைக் கிள்ளினால் அது பிடகையிலேயே சுருங்கும். முற்றிய மொட்டு, அன்று மாலை மலர இருப்பது, வெயில் ஏறுமுன் பறிக்கப்பட்டிருக்க வேண்டும். நக்கீரர் ‘செவ்வி’ என்று அடை கொடுத்தது அழகுக்காக என்று நான் கருதவில்லை. இன்று உசிலம்பட்டியிலோ நிலக்கோட்டையிலோ விடியுமுன் மல்லிகைக் கொல்லையில் இறங்கும் பெண்கள் விரல்நுனியில் வைத்திருக்கும் அறிவும் அதுவே: நாளைய மொட்டைச் செடியில் விட்டு இன்றைய மொட்டை மட்டும் எடுப்பது. வாசனைச் சாறு எடுக்கும் ஆலைக்கு மலர்ந்த பூ வேண்டும். சூடுவோர்க்கு மொட்டு வேண்டும். காலையில் பறித்து, பகலில் வாழைநாரை நீரில் நனைத்துத் தொடுத்து, வாழையிலையிலோ ஈரத்துணியிலோ பொதிந்து வைத்த சரம் அந்தியில் கூந்தலில் மலர்கிறது. நனைந்த நார் தொடுக்கும் கயிறாக மட்டும் இருப்பதில்லை. காம்பின் வெட்டுவாயருகே ஈரத்தையும் வைத்திருக்கிறது. மல்லிகைச் சரத்தின் ஈர்ப்பு முழுவதும் இந்தத் தள்ளிவைத்த மலர்ச்சியில்தான் உள்ளது.

அப்பூ எங்கிருந்து வந்தது என்பதற்கு நற்றிணை 97ஆம் பாட்டு ஒரு விடை தருகிறது. பிரிவில் வருந்தும் தலைவிக்குக் குயிலைவிட, தெளிந்த நீரோடும் ஆற்றைவிடக் கொடியவளாகத் தோன்றுகிறாள் ஒரு பெண். குருக்கத்தியோடு பித்திகையைக் கலந்து வட்டியில் வைத்து, வாங்குகிறீர்களா என்று கேட்டுத் திரிபவள் அவள். வண்டுகள் வட்டியைச் சூழ்ந்து வருகின்றன. அவளைப் பாட்டு ‘தண்டலை உழவர்’ மகள் என்கிறது. தண்டலை என்பது சோலை, தோட்டம். பூத்தோட்டம் உழுவோர் ஒரு பிரிவினராக அறியப்பட்டிருந்தனர் என்பதும், விளைவித்தவர் வீட்டாரே தெருவில் விற்றனர் என்பதும் இங்குத் தெளிவு. தோட்டத்துக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள தொலைவு ஓர் இளம்பெண் வட்டியோடு நடந்துவரும் தொலைவு. புறநானூறு 293இல் வரும் பூவிலைப் பெண்டும் இவ்வாறு வீடுவீடாகச் செல்பவளே. போர் வந்த ஊரில் அவள் பூவை வாங்க ஆளில்லை.

நெடுநல்வாடைக்கு மீண்டும் ஒருமுறை. விளக்கேற்றிய மகளிர் நெல்லும் மலரும் தூவித் தொழுகின்றனர். தூவிய மலர் பிடகையில் அவிழ்ந்த அந்தப் பித்திகமேயா என்று பாட்டு சொல்லவில்லை. அதுவேயானால், பின்வந்த சைவ விதிநூல்கள் அதை ஏற்றிருக்கமாட்டா.

சாத்தலாகாதவை

திருவாரூரைச் சேர்ந்த கமலை ஞானப்பிரகாசர் 16ஆம் நூற்றாண்டில் ‘புட்பவிதி’ என்று தனிநூலே இயற்றினார். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவ வினாவிடையின் இரண்டாம் புத்தகத்தில் இவ்விதிகளைப் பள்ளி மாணவரும் மனனம் செய்யும் வடிவில் சுருக்கித் தந்தார். அதில் சாத்தலாகாத பூக்களாகச் சொல்லப்படுபவற்றை நிரல்படப் பார்த்தால் அவை மூன்று இடங்களில் நிகழும் குற்றங்களைப் பற்றியவை என்பது தெரியவரும். செடியில் நிகழ்பவை: புழுக்கடி, எச்சம், சிலந்தியிழை. பறிப்பில் நிகழ்பவை: உதிர்ந்ததை எடுத்தல், அரும்பைக் கிள்ளுதல், இரவில் பறித்தல். பறித்தபின் நிகழ்பவை: மோத்தல், நீரில் அமிழ்த்துதல், எருக்கிலையிலும் ஆமணக்கிலையிலும் கொண்டுவருதல், பழம்பூவாக விடுதல், எடுத்துவைத்து அலரவிடுதல்.

இவற்றுக்கெல்லாம் அறிவியல் காரணம் கண்டுபிடிப்பது இப்போது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. எருக்கிலை ஏன் ஆகாது என்பதற்கு வேதியியல் விளக்கம் தேடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தூய்மை பற்றிய கருத்துகளும் குலம், இடம் பற்றிய கருத்துகளும் இவ்விதிகளில் கலந்துள்ளன. ஆயினும் ஒன்றை மறுக்கவியலாது. காரணம் எதுவாயினும், இவ்விதிகளைக் கடைப்பிடிக்கும் கோயில் தொலைவிலிருந்து பூ வரவழைக்க முடியாது. இரவில் பறிக்கலாகாது, முந்திய நாள் மொட்டாகப் பறித்து வைக்கலாகாது, நீரில் மூழ்கவைத்துக் காக்கலாகாது. எஞ்சுவது ஒரே வழி. விடியலில் செடியில் மலர்ந்ததை எடுத்து நேரே சந்நிதிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

விதிவிலக்குகள் இதை உறுதிப்படுத்துகின்றன. வைத்திருந்து சாத்தத்தக்கவை எவையெனின், வில்வம் ஆறு மாதம், வெண்டுளசி ஓராண்டு, தாமரை ஏழு நாள், அலரி மூன்று நாள் என்கிறார் நாவலர். வில்வமும் துளசியும் இலைகள், உலர்ந்தும் பயன்படுபவை. தாமரையின் ஏழு நாள் வேறுவகை. பறித்த தாமரை மொட்டு நீரில் நிறுத்தினாலும் ஒழுங்காக மலர்வதில்லை. இதழ்கள் விரைவில் கருகத் தொடங்கும். இன்று பூக்கடைகளில் அதன் இதழ்களைக் கையால் மடித்து மலர்த்துகின்றனர். எனவே ஏழு நாள் என்பது பூவின் ஆயுளை அளந்து சொன்னதாக இருக்கவியலாது. தாமரை எல்லா நந்தவனத்திலும் விளையாது, குளம் வேண்டும், பருவமும் வேண்டும். கிடைப்பதன் அருமை கருதிய சலுகையாக இதைக் கொள்ளலாம் என்பது என் ஊகம். அலரியின் மூன்று நாளைப் பற்றிப் பின்னர்.

இல்லத்தில் பெரிதும் விரும்பப்பட்ட ஒன்று, தள்ளிவைத்த மலர்ச்சி, கோயிலில் குற்றமாயிற்று. ஏன் என்பதற்கு நூல்கள் விடை கூறவில்லை. விளைவு மட்டும் தெளிவாக உள்ளது. இல்லத்துப் பூவுக்கு அரை நாள் வழித்தொலைவு தாங்கும். கோயிற்பூவுக்கு அதுவும் இல்லை.

காசும் நிலமும்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் திருமஞ்சன நீரை மணமூட்ட ஏலவரிசி, சண்பக மொட்டு, இலாமிச்சவேர் ஆகியவற்றுக்கு விடப்பட்ட கொடைகள் உள்ளன. கொடுக்கப்பட்டது காசு. அது ஊராரிடம் முதலாக வைக்கப்பட்டு, அதன் வட்டியில் இப்பொருள்கள் பெறப்பட்டன. அக்கோயிற் கல்வெட்டுகளில் பரவலாகக் காணப்படும் வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. சண்பகமும் பூவே. ஆனால் இங்கு அது மொட்டாக, நீரில் இடும் மணப்பொருளாக, ஏலத்தோடும் வேரோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. கடைச்சரக்காக வாங்கத்தக்கது; வைத்திருந்து எடுக்கத்தக்கது.

திருப்பள்ளித்தாமத்துக்கான கொடைகள் பெரும்பாலும் வேறுவகையின. இறைவனுக்குச் சாத்தும் பூவையும் மாலையையும் கல்வெட்டுகள் இச்சொல்லால் குறிக்கின்றன. அதற்குத் திருநந்தவனம் அமைக்கப்படுகிறது. அதை நடத்தத் திருநந்தவனப்புறமாக விளைநிலம் விடப்படுகிறது. இரண்டு நிலங்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. பூ விளைவது ஒரு நிலத்தில். பூ விளைப்பவருக்குச் சோறு விளைவது மற்றொரு நிலத்தில். முதல் நிலத்தில் இருந்து ஒரு நாழி நெல்லும் வாராது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தில்லையில் பெருகிய நந்தவனக் கல்வெட்டுகளில் தோட்டம் செய்வோர்க்கான நெல்லும் புடவையும் பேசப்படுகின்றன. கொடையாளர் பெயரால் தோட்டங்கள் அழைக்கப்பட்டமையால் நம் கவனம் அப்பெயர்களிலேயே தங்கிவிட்டது. தோட்டக்குடிகளின் பெயர்கள் பெரும்பாலும் கல்லில் ஏறவில்லை.

வைக்கத்தக்க பொருளுக்குக் காசு, வைக்கவியலாத பொருளுக்கு நிலம் என்று இதைச் சுருக்கலாம். விதிவிலக்குகள் உண்டு, பூவுக்குப் பொன் கொடுத்தோரும் உள்ளனர். ஆயினும் பொன்னைக் கொண்டு நாள்தோறும் பூ வாங்கச் சந்தை ஒன்று அருகில் இருந்திருக்க வேண்டும். பெருநகர்க் கோயிலுக்கு அது இயலும். ஆற்றங்கரைச் சிற்றூர்க் கோயிலுக்கு இயலாது.

உத்தரமேரூரில் முதலாம் பராந்தகனின் ஆட்சியில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட தீர்மானங்களில் ஏரிவாரியத்தோடு தோட்டவாரியம் ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பன்னிருவர், ஏரிவாரியத்துக்கு அறுவர். தோட்டம் என்றால் பூந்தோட்டம் மட்டும் என்று கொள்ளக்கூடாது. கொல்லைப் பயிர்கள் பலவும் அதில் அடங்கும். இருந்தும் ஏரியைவிடத் தோட்டத்துக்கு இருமடங்கு ஆள் வைத்த சபையை நாம் ஏரிக்காகவே நினைவில் வைத்திருக்கிறோம்.

ஆரூர் ஓடையும் கருவூர்க் கூடையும்

திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி என்று ஒரு வழக்கு நெடுநாளாக வழங்குகிறது. வேலி என்பது ஏறத்தாழ ஆறரை ஏக்கர். ஐந்து வேலி முப்பது ஏக்கருக்கும் மேல். அளவை ஆராய வேண்டியதில்லை. ஒரு பூ விளையும் நீர்நிலையைக் கோயிலுக்கும் கமலாலயத்துக்கும் ஈடாக ஊரார் எண்ணினர் என்பதே இங்கு வேண்டிய செய்தி. புட்பவிதி எழுதியவர் இவ்வூரினர் என்பது தற்செயலாக இருக்கலாம். எனினும் பூவின் பொழுது பற்றி எழுதுவதற்கு இதனினும் ஏற்ற ஊர் வாய்ப்பது அரிது.

பூப்பணி எவ்வாறு நடந்தது என்பதற்குக் கல்வெட்டைவிடப் பெரியபுராணம் நெருங்கிய சான்று. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். தில்லையில் நந்தவனங்கள் பெருகிய காலத்தினர். அவர் காட்டும் முருக நாயனார் திருப்புகலூரில் விடியுமுன் எழுந்து நீராடி, கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என வகைவகையாகக் கொய்து வெவ்வேறு கூடைகளில் வைக்கிறார். பிறகு வகைவகையான மாலைகளாகத் தொடுக்கிறார். கூடைகளைப் பிரித்தது ஒழுங்குக்காக மட்டும் இராது. நீர்ப்பூவின் ஈரம் மெல்லிய கொடிப்பூவின் மேல் பட்டால் அது நைந்துபோகும் என்பது பூத்தொடுப்போர் எவருக்கும் தெரியும்.

கருவூர்ச் சிவகாமியாண்டாரின் கதை இன்னும் தெளிவானது. முதியவர், வாயைத் துணியால் கட்டிக்கொண்டு நந்தவனத்தில் புகுந்து, அரும்புகள் அலரும் வேளையில் தெரிந்து பறித்துக் கூடையில் நிறைத்துக் கோயிலுக்கு விரைகிறார். பட்டத்து யானை கூடையைப் பறித்துச் சிந்துகிறது. அவர் அலறி விழுகிறார். அது கேட்ட எறிபத்தர் யானையையும் பாகரையும் வெட்டி வீழ்த்துகிறார். ஒரு கூடைப் பூவுக்கு இத்தனை கொலையா என்று இக்கால வாசகர் திகைப்பது இயல்பு. வகுப்பில் மாணவர்களும் இதைக் கேட்கின்றனர். பக்தியின் வன்மை என்னும் வழக்கமான விடையோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். சிந்திய நெல்லை அள்ளலாம். சிந்திய நெய்க்கு மாற்று நெய் உண்டு. வைகறையில் மலர்ந்து பறிக்கப்பட்ட பூ வீதியில் சிந்தினால் அன்றைக்கு வேறு பூ இல்லை. உதிர்ந்ததை எடுக்கவும் கூடாது. அந்தக் காலை திரும்ப வாராது என்பதை அறிந்தவரின் அலறல் அது.

வைணவ மரபிலும் தோட்டம் அருகிலேயே உள்ளது. வில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும், அரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும், திருமலையில் இராமாநுசரின் மாணவர் அனந்தாழ்வானும் தாமே நந்தவனம் செய்தவர்கள். திருமங்கையாழ்வார் அரங்கத்தில் மதில் எடுத்தபோது தொண்டரடிப்பொடியாரின் தோட்டம் சிதையாதபடி மதிலை ஒதுக்கிக் கட்டினார் என்றும், அதற்கு மகிழ்ந்த அவர் தம் தோட்டக் கருவிக்கு ‘அருள்மாரி’ என்று பெயரிட்டார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. வரலாற்று நிகழ்ச்சியாக இதை நிறுவ இயலாது. கோயில் பெருகும்போதெல்லாம் தோட்ட நிலம் நெருக்கப்பட்டது என்னும் பட்டறிவு இக்கதையில் உறைந்திருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

தொலைவு செல்லும் மாலை ஒன்றும் அம்மரபில் உண்டு. ஆண்டாள் சூடிக்களைந்த மாலை வில்லிபுத்தூரிலிருந்து சித்திரையில் மதுரைக்கு வரும் அழகருக்கும், பிரமோற்சவத்தில் திருமலைக்கும் செல்கிறது. சூடியதால் பெருமை பெற்ற மாலைக்கு நாண்மலர் விதி பொருந்தாது. வாடினாலும் அது ஆண்டாள் மாலையே.

புழுக்கடி

மேற்கூறிய தோட்டங்களை ‘இயற்கை வேளாண்மை’ என்று சுட்டுவது அண்மைக் காலக் கட்டுரைகளில் பெருகியுள்ளது. வேறு வழி இருந்து, அதை விலக்கி இதைத் தேர்ந்தோர்க்கே அச்சொல் பொருந்தும். இராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யத் தொடங்கிய ஆண்டு 1906. அதற்கு முன் தொழுவுரமும் தழையும் குளத்து வண்டலும் அன்றி எவரும் வேறொன்றை இட்டிருக்கவியலாது. ‘நாட்டுப்பூ’ என்னும் சொல்லிலும் இத்தகைய எச்சரிக்கை வேண்டும். இன்று கோயில் மாலையில் நிறைந்திருக்கும் செண்டுமல்லியும் நிலச்சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்தவை. வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டத்தது. உள்ளூர்ப் பூ என்றால் உள்ளூரில் விளைந்த பூ என்பதற்கு மேல் பொருள் கொள்ளலாகாது.

மல்லிகைக்கு வருவோம். இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து பதியன்கள் வாங்கி நடுவது தென்மாவட்டங்களின் பரவலான வழக்கம். கார்த்திகை, மார்கழியில் கவாத்து. மாசி, பங்குனி தொடங்கிப் பெரும்பூப்பு. 2013ஆம் ஆண்டு மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு மண்ணையும் மணத்தையும் பேசுகிறது. சாகுபடியில் தெளிக்கப்படும் மருந்தைப் பற்றி அதற்குக் கருத்தில்லை. மொட்டுப்புழுவும் மொட்டு ஈயும் மல்லிகையின் பெரும்பகைகள். மொட்டே விளைபொருள் ஆகையால் துளை விழுந்த மொட்டுக்கு விலையில்லை. பெரும்பூப்புக் காலத்தில் மருந்தடிப்பு அடிக்கடி நிகழ்கிறது. நாள்தோறும் பறிப்பு நடக்கும் செடியில் மருந்துக்கும் பறிப்புக்கும் இடைவெளி விடுவது எளிதன்று. தின்னும் பொருளாயின் எஞ்சிய நஞ்சைப் பற்றிக் கேட்போர் உண்டு. பூ தின்னும் பொருளல்ல. இருட்டில் அதை எடைக்கூலிக்குப் பறிக்கும் கைகளும், பல்லால் நாரைக் கடித்துத் தொடுப்போரும், நாள்முழுதும் கூந்தலில் சூடியிருப்போரும் கணக்கில் வருவதில்லை.

பழைய விதியும் புழுக்கடியை விலக்கியது. ஆனால் விலக்கிய இடம் வேறு. ஆண்டாரும் முருக நாயனாரும் செடியருகே நின்று, தெரிந்து, குற்றமுள்ளதை விட்டுக் குற்றமற்றதை எடுத்தனர். பத்தில் மூன்று பூ பழுதென்றால் ஏழு பூ கூடைக்கு வந்தது. மூன்றும் செடியோடு நின்றன. இழப்பை நந்தவனப்புறத்து நெல் தாங்கிற்று. இன்றைய உழவர் அந்த மூன்றையும் விற்றாக வேண்டியவர். தெரிவு செய்யும் வேலை கையிலிருந்து தெளிப்பானுக்கு மாறியதற்குக் காரணம் உழவரின் பேராசை அன்று. இழப்பைத் தாங்கிய நிலம் இல்லாமற் போனமையே. நச்சின்றிப் பூ விளைவிக்க முன்வரும் இன்றைய சிறு உழவர்கள் சந்தையில் தோற்பதும் இவ்விடத்தில்தான். அவர்கள் கூடையில் சில மொட்டுகள் துளையுடன் இருக்கும். பழைய விதியும் புதிய சந்தையும் அவற்றை ஒருங்கே மறுக்கும்.

அந்நிலம் எவ்வாறு போயிற்று என்பது நீண்ட கதை. சென்னை மாகாணத்தில் 1858ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் கோயிற்பணி மானியங்களை ஆராய்ந்து பதிந்தது. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் அவற்றை இரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்தது. இடைப்பட்ட நூறாண்டில் எத்தனை நந்தவன மானியங்கள் பணியை விட்டு நீங்கின என்பதை ஒவ்வொரு கோயிலாக, கல்வெட்டையும் இனாம் பதிவேட்டையும் பிந்திய பட்டாவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தே சொல்ல முடியும். முனைவர் பட்ட ஆய்வுக்கு இதனினும் பயனுள்ள பொருள்கள் குறைவு. பிராகாரத்தின் ஒரு மூலையில் வேலியிட்டுச் செடி நட்டு நந்தவனம் மீட்கப்பட்டது என்று பலகை வைப்பதை இப்போது பல இடங்களில் காண்கிறோம். செடி நடுவது எளிது. தோட்டக்குடியின் நெல்லுக்கும் புடவைக்கும் இன்றைய ஈடு எது என்று அப்பலகைகள் கூறுவதில்லை. சித்திரை வெயிலில் செடிகள் அதைக் கூறிவிடுகின்றன.

கொய்மலர் வணிகமோ நாவலர் விலக்கிய ஒன்றைத் தன் அடிப்படையாக்கிக் கொண்டது. ரோசா இறுகிய மொட்டாக வெட்டப்பட்டு, 2 முதல் 4 பாகை செல்சியசு குளிரில் வைக்கப்பட்டு, வாங்குபவர் வீட்டுச் சாடியில் அலர்கிறது. குளிர் பூவின் சுவாசத்தைக் குறைக்கிறது; சருக்கரை கலந்த நீர் அதற்கு உணவாகிறது; வெட்டுவாயில் நுண்ணுயிர் அடைக்காதிருக்க மருந்து சேர்க்கப்படுகிறது. எடுத்துவைத்து அலர்த்துவதற்கென்றே ஓர் அறிவுத்துறை வளர்ந்துள்ளது. நெடுநல்வாடை மகளிரின் பிடகை கண்டங்களைத் தாண்டும் அளவுக்கு நீண்டுவிட்டது.

கோயிலுக்கு வரும் பூவும் இப்போது அந்த வழியில்தான் வருகிறது. நாவலர் மூன்று நாள் சலுகை தந்த அலரியை, இன்று அரளி எனப்படுவதை, எடுத்துக்கொள்ளலாம். சேலத்துப் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அது பெரும்பயிர். பறிக்கப்படுவது மொட்டாக. பொதிந்து கட்டி இரவுப் பேருந்தில் ஏற்றப்பட்டு, விடியலில் மாலைகட்டுவோர் கைக்கு வருகிறது. சாத்தும் நேரத்தில் பாதி மொட்டு, பாதி மலர். உச்சிக்காலப் பூசைக்குள், இறைவன் தோளிலேயே, எஞ்சியவை அலர்ந்து முடிகின்றன.